சீதன உறுதியை வைத்துச் சூரியத்தகடு வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 43. கணவர் 6 ஆண்டுகளுக்கு முன் வீட்டைவிட்டுப் போனவர், இருக்குமிடம் தெரியாது. வயதான தாயும் இரண்டு பிள்ளைகளும் இவருடன் இருக்கிறார்கள். காலையில் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, மாலையில் வீட்டில் தையல். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் சேர்ந்தால் மாதம் 45,000 ரூபா அளவில் கையில் வரும். சீதனமாகக் கிடைத்த காணியில், இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா பெற்றுக் கட்டிய வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டை முடிக்கப் பட்ட கடனையும், பிறகு எடுத்த நுண்கடன் ஒன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தவர்.

இப்போது சூரியத்தகடு பொருத்தும் நிறுவனம் ஒன்றின் முகவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். 5 கிலோவாட் தொகுதி, விலை 950,000 ரூபா, 12 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை. "குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க மானியக் கடன்" என்றும், தவணை போக மாதம் 4,000 ரூபா மிஞ்சும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வங்கிக்கு வீட்டு உறுதியும் (சொத்துப் பத்திரம்) இரண்டு பிணையாளர்களும் தேவையாம், அத்துடன் கணவரின் கையெழுத்தும் வேண்டுமாம். டொரன்டோவில் இருக்கும் அண்ணா, "இங்கே அரசாங்கம் வட்டியில்லாமல் 40,000 டொலர் கொடுக்கிறது, அங்கேயும் விடாமல் எடு" என்று சொல்கிறார். "என்னுடைய சீதன வீட்டுக்கு அவருடைய கையெழுத்து ஏன்? அரசாங்கக் கடன்தானே, கட்ட முடியாமல் போனால் முன்பு போலத் தள்ளுபடி செய்வார்கள்தானே? மின்வெட்டிலும் பிள்ளைகள் படிக்கலாம்தானே?" இவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், இரண்டு வெற்றுப் படிவங்களில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு நான்கு மின்பட்டியல்களையும் முகவர் எழுதிய தாளின் பிரதியையும் இணைத்து அனுப்பியது மிகவும் நல்லது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி அவற்றிலேயே இருக்கிறது. முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடனை எடுக்க வேண்டாம், உறுதியை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். சூரியத்தகட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மாதம் 400, 500 அலகு (யூனிட்) மின்சாரம் எரிக்கும் வீட்டுக்கு அது நல்ல முதலீடாக இருக்கலாம். நீங்கள் எரிப்பது ஏறக்குறைய 100 அலகு.

"அரசாங்கக் கடன்" என்ற சொல்

அரசின் பணம் இப்படியான கடன்களுக்குள் வரும் வழிகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு வழியில் அரசு வெளியிலிருந்து மலிவாகப் பெற்ற பணத்தை வங்கிகளுக்குக் கொடுக்கும், வங்கி அதை உங்களுக்குக் கடனாகத் தரும். கூரைச் சூரியத்தகடுகளுக்காக ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் இலங்கைக்கு அனுமதித்த 5 கோடி டொலர் கடன் வசதி அந்த வகை. இன்னொரு வழியில் வட்டியில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் உங்களுக்குக் கடன் தருவது வங்கிதான். கட்டாமல் விட்டால் உங்கள் மீது வழக்குப் போடுவதும் வங்கிதான். வட்டி குறையலாம், வாங்கிய முதலில் ஒரு சதம்கூடக் குறையாது. முகவர் சொல்லும் திட்டத்தின் பெயர் என்ன, எந்த அமைச்சின் கீழ் வருகிறது, வட்டியில் அரசு தரும் பங்கு எவ்வளவு என்பவற்றை வங்கி முகாமையாளர் எழுத்தில் தராதவரை, அதைச் சாதாரண வங்கிக் கடன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி பற்றி நீங்கள் நினைப்பது 2018இல் நடந்ததை வைத்து. அது வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் பெற்று நிலுவையில் விழுந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு மட்டும் கொடுத்த நிவாரணம். வடக்கில் எத்தனையோ பெண்கள் வாரத் தவணைக்காரருக்குப் பயந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலம் அது. என் அலுவலகத்தில் வந்து அழுதவர்களின் முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. அந்த நிவாரணத்தை நம்பி வீட்டை ஈடு வைத்து 950,000 ரூபா வாங்குவது மிகப் பெரிய ஆபத்து.

அண்ணா சொல்வது பொய்யல்ல. கனடாவில் 2022 ஜூனில் தொடங்கிய திட்டத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு, வீட்டின் எரிசக்திச் செலவைக் குறைக்கும் வேலைகளுக்காக 40,000 டொலர் வரை வட்டியில்லாக் கடன், 10 ஆண்டுத் தவணையில் கிடைத்தது. ஆனால் அதற்கும் கடன் தகுதி பார்த்தார்கள். முற்பணமாக 15 சதவீதம் வரைதான் தந்தார்கள், மிகுதி வேலை முடிந்து பரிசோதித்த பிறகுதான். கையில் பணமோ வேறு கடன் வழியோ இல்லாதவர் ஒப்பந்தக்காரருக்கு எப்படிக் கொடுப்பார்? அந்தக் குறையை உணர்ந்துதான் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குச் செலவில்லாமல் வேலையைச் செய்து கொடுக்கும் வேறொரு திட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். வட்டியில்லாக் கடனுக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பது 2025 அக்டோபரில் நின்றுவிட்டது.

அதே போன்ற வேலைகளுக்குக் கடன் தர பிரித்தானியாவில் 2013இல் தொடங்கிய 'கிரீன் டீல்' திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. மின்பட்டியலோடு சேர்த்துக் கட்டும் தவணை, அந்த வேலையால் மிச்சமாகும் என்று கணிக்கப்படும் தொகையைத் தாண்டக் கூடாது. வட்டி கூடுதலாக இருந்ததும் மக்கள் விரும்பாததும் சேர்ந்து 2015 ஜூலையில் அரசு அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. திட்டம் தோற்றாலும் அந்த விதி சரியானது. உங்களுடைய கணக்கையும் அந்த விதியால்தான் அளந்து பார்த்தேன்.

முகவரின் தாளும் உங்கள் மின்பட்டியலும்

950,000 ரூபாவுக்கு 12 சதவீத வட்டியில் 84 மாதத் தவணை ஏறக்குறைய 16,800 ரூபா. இதை முகவர் சரியாகவே எழுதியிருக்கிறார். வரவுப் பக்கம்தான் பிழை. ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு தரும் என்று கொள்ளலாம். 5 கிலோவாட் என்றால் மாதம் 600 அலகு. நீங்கள் எரிக்கும் 104 அலகு போக மிஞ்சும் 496 அலகை மின்சார சபை வாங்கும். முகவர் ஒரு அலகுக்கு 37 ரூபா போட்டிருக்கிறார். அது 2022இன் நெருக்கடிக்குள் அறிவித்த விலை. பின்னர் அது 27 ரூபாவாகக் குறைந்தது. 2025இல் 5 கிலோவாட் வரையான வீட்டுத் தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதமாக வந்துவிட்டது. ஒப்பந்தம் 20 ஆண்டுகளுக்கு. நீங்கள் கையெழுத்திடும் நாளில் நடைமுறையில் உள்ள விலைதான் உங்களுக்கு, அயல் வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் பெற்ற விலை அல்ல.

20 ரூபா 90 சதம் என்ற விலையில் 496 அலகுக்கு 10,366 ரூபா வரும். உங்கள் மின்கட்டணம் 2,700 ரூபா முழுவதும் மிச்சம் என்று வைத்தாலும் 13,066 ரூபாதான். மாதம் 3,700 ரூபா உங்கள் கையிலிருந்து போக வேண்டும். 4,000 ரூபா மிஞ்சும் என்று சொன்ன இடத்தில் இவ்வளவு துண்டு விழுகிறது. மழைக்காலத்தில் தகடு குறைவாகத் தரும். இன்வேட்டர் பழுதானால் மாற்றும் செலவு உங்களுடையது. மின்தேவை குறைந்த நாட்களில் தொகுதியை நிறுத்திவைக்கும்படி கேட்கவும் கூடும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை நாடு முழுவதும் அப்படிக் கேட்டது. உங்கள் ஒழுங்கையின் மின்மாற்றியில் இடம் இருக்கிறதா என்ற அனுமதியும் வேறாகப் பெற வேண்டும். கடனை எடுத்த பிறகு அனுமதி தாமதித்தால் தவணை அதற்காகக் காத்திருக்காது.

மின்வெட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மின்கலம் இல்லாமல் மின்சார சபையின் வலையமைப்போடு இணைக்கும் தொகுதி, வெளியே மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்குப் பாதுகாப்பாக அப்படித்தான் அமைக்கிறார்கள். 2022இல் 13 மணி நேர மின்வெட்டில் இருந்தவர்களுக்கு, கூரையில் தகடு இருந்தால் விளக்கு எரியும் என்று நினைப்பது இயல்பு. பிள்ளைகளின் படிப்புக்கு மின்னேற்றும் மேசை விளக்குகள் இரண்டு போதும்.

இனி உங்கள் பட்டியல்கள். ஒரு மாதம் 104 அலகு, கட்டணம் 2,700 ரூபாவுக்குச் சற்று மேல். பிள்ளைகள் மாமி வீட்டில் நின்ற மாதம் 76 அலகு, 1,500 ரூபா. 28 அலகு குறைந்ததற்கு 1,200 ரூபா குறைந்திருக்கிறது. காரணம், வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 90ஐத் தாண்டினால் அலகு விலையோடு நிலையான மாதக் கட்டணமும் ஏறும். 60ஐத் தாண்டாத வீட்டுக்கோ முதல் அலகிலிருந்தே மலிவான வேறொரு விலை. அதனால் உங்களுடைய வீட்டில் இப்படிக் குறைக்கும் அலகு, சராசரியாகப் பார்த்தால், தகட்டிலிருந்து விற்கும் அலகைவிடப் பெறுமதியானது. இதை எந்த முகவரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இதில் விற்பதற்கு அவரிடம் பொருள் இல்லை.

பழைய கூரை மின்விசிறி 75 வாட். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 22 அலகு. நேர்மின் மோட்டர் பொருத்திய புதிய வகை விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும், மாதம் 9 அலகு. இரண்டு விசிறிகளை மாற்றினால் 26 அலகு குறையும், அந்த 76 அலகு மாதத்துக்கு அருகில் வந்துவிடுவீர்கள். அண்ணாவிடம் இந்த இரண்டு விசிறிகளைக் கேளுங்கள். அவருக்கு அது பெரிய தொகையல்ல, உங்களுக்கோ மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரூபா மிச்சம். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டு வில்லை ஒட்டியதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது குளிர்சாதனப்பெட்டி. 15 ஆண்டுப் பழையது, கதவு சரியாக மூடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதவில் ஒரு ரூபாத் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் இலகுவாக உருவி வந்தால் கதவு றப்பரை மாற்ற வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்பங்கரை வெக்கை படாத இடத்தில் வையுங்கள். கிணற்று மோட்டரின் அடிவால்வு கசிந்தால் அது வீணாக ஓடும், அதையும் ஒருமுறை பார்ப்பிக்கலாம். இவற்றுக்குப் பிறகும் 60க்குள் வராவிட்டால்தான் புதிய பெட்டி பற்றி யோசிக்க வேண்டும். அதையும் உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவி கூட்டுறவுச் சங்கத்திலோ சமுர்த்தி வங்கியிலோ, உறுதி கேட்காத சிறிய கடனாக, இரண்டு கடன் ஒன்றாகச் சேராமல் எடுங்கள். கூரை வெக்கைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் பயன் தரும்.

சீதன வீடும் கணவரின் கையெழுத்தும்

இந்தக் கேள்வியில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் வங்கி கேட்பது சட்டப்படி சரி. யாழ்ப்பாணத் தமிழரான நமக்குப் பொருந்தும் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி சீதனம் மனைவியின் சொத்து, கணவருக்கு அதில் உரிமை இல்லை. இருந்தாலும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாதனம் (உயில்) எழுதுவதற்கு மட்டும் வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த விதி மாறாமல் இருப்பது, தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு இழைக்கும் அநீதி என்பதே என் கருத்து. அதை வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது இருக்குமிடம் தெரியாவிட்டால், அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை மனுச் செய்து பெறலாம். கிராம அலுவலரின் கடிதம், பொலிஸில் முறையிட்டிருந்தால் அதன் பிரதி, உங்கள் சத்தியக்கடதாசி ஆகியவை உதவும். இந்தக் கடனுக்காக அந்த வழியில் போக வேண்டாம். நாளைக்கு மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ காணியில் ஒரு துண்டை விற்க வேண்டிவந்தால் தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. உங்கள் வருமானத்துக்கு அங்கே கட்டணமின்றி உதவி கேட்கலாம்.

"கணவருடைய கையெழுத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று முகவர் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பொய்க் கையெழுத்து குற்றம். வழக்கு வந்தால் பெயர் உங்களுடையதாக இருக்கும்.

கட்டத் தவறினால்

வங்கி மறுநாளே வீட்டை ஏலம் போட்டுவிடும் என்று தங்கை பயமுறுத்தியிருக்கிறார். அது முழு உண்மையல்ல. நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரம் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் வங்கிகளுக்கு உண்டு. 2011இல் வந்த திருத்தம், கடனாகப் பெற்ற முதல் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் அதைப் பயன்படுத்த முடியாது என்று தடுத்துவிட்டது. ஆனால் வழக்குத் தொடர்ந்து, நீதிமன்றத்தின் மூலம் ஈடு வைத்த வீட்டை விற்பிக்க முடியும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் வழக்கு விரைவாக நகரும். எதிர்வாதம் செய்வதற்கே நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

பிணையாளர்களாக அத்தானையும் உங்களோடு வேலை செய்யும் ஆசிரியையையும் நினைத்திருக்கிறீர்கள். பிணைப் பத்திரத்தில் அவர்கள் வழக்கமாக விட்டுக்கொடுக்கும் உரிமைகளில் ஒன்று, "முதலில் கடன்காரரிடம் கேள்" என்று சொல்லும் உரிமை. வங்கி நேரே அவர்கள் சம்பளத்தையே நாடலாம். நான் பார்த்த குடும்பப் பிரிவுகளில் காணிச் சண்டைக்கு அடுத்தது பிணைக் கையெழுத்துத்தான்.

இதுவரை எடுத்த கடன்கள் உங்கள் பெயரில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்பதைக் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பார்க்கலாம். கட்டி முடித்த நுண்கடன் இன்னும் நிலுவை என்று இருந்தால் இப்போதே திருத்துவிக்க வேண்டும்.

பொதுப் பணம் உங்கள் போன்ற வீடுகளுக்கு எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குக் காற்றாலையும் சூரியசக்தியும் சேர்ந்த மின்திட்டத்தை இந்திய நன்கொடையில் அமைக்க 2024இல் ஒப்பந்தமானது. அந்தத் தீவு மக்களை வீட்டு உறுதியோடு வங்கிக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு விசிறி, ஒரு கதவு றப்பர், நான்கு மின்குமிழ் ஆகியவற்றை அஸ்வெசும பெறும் வீடுகளுக்கு நேரே கொடுத்தால் மின்கட்டணமும் குறையும், இரவு நேர மின்தேவையும் குறையும். இதை உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச செயலாளருக்கு எழுத வேண்டும். கடிதம் எழுத நான் உதவுகிறேன்.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள்

இதை இந்த வாரமே செய்யுங்கள். முதலில் ஒரு ஆறுதல்: அந்தப் படிவங்களை வைத்து யாரும் உங்கள் வீட்டை ஈடு வைக்க முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணியைப் பாதிக்கும் உறுதி, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் நீங்கள் கையெழுத்திட்டால்தான் செல்லும். மூல உறுதி உங்கள் பெட்டகத்திலேயே இருக்கட்டும். ஆனால் உங்கள் பெயரில் கடன் விண்ணப்பமோ கொள்வனவு ஒப்பந்தமோ அந்தப் படிவங்களில் எழுதப்படலாம்.

ஆகவே நிறுவனத்துக்கு ஒன்றும் வங்கி முகாமையாளருக்கு ஒன்றுமாக இரண்டு கடிதம் தமிழில் எழுதுங்கள். எந்தத் திகதியில், யாரிடம், எத்தனை வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அவற்றை நிரப்ப உங்கள் சம்மதம் இல்லை, சம்மதம் இருந்ததாகக் கருதினால் அதை மீளப் பெறுகிறீர்கள் என்று எழுதுங்கள். படிவங்களையும் அடையாள அட்டைப் பிரதியையும் 14 நாட்களுக்குள் திருப்பித் தரும்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, கடிதப் பிரதியோடு தபால் பற்றுச்சீட்டை ஊசியால் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் மறுபடி வீட்டுக்கு வந்தால் வாசலில் வைத்தே, "கடிதத்துக்குக் கடிதத்தில் பதில் தாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். 14 நாளில் பதில் இல்லாவிட்டால் அந்தப் பற்றுச்சீட்டுகளோடு என்னிடம் வாருங்கள். அடுத்த கடிதம் என் கையெழுத்தில் போகும், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.